எல்லை தாண்டும் கிளையை யார் கழிப்பது?

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்கிற குடும்பத்துக்கு முற்றம்தான் பாதிப் பட்டறை. அரைத்துக் கரைத்த களிமண் கூழைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, உள்சுவரில் மண் ஏடு படிகிறது. ஏடு வேண்டிய தடிமனுக்கு வந்ததும் மிச்சக் கூழைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, சற்று இறுகவிட்டு அச்சைப் பிரித்தால் பச்சைப் பொம்மை கையில் வரும். அச்சின் இரு பாதிகளும் சேரும் இடத்தில் விழுந்த கோட்டைக் கத்தியால் சீவி, ஈரத்துணியால் தடவி, பலகையில் அடுக்கி உலர வைக்கிறார்கள். சரக்கு தேறுமா தேறாதா என்பது பெரும்பாலும் இந்த உலர்தலில்தான் தீர்மானமாகிறது. ஒரு பக்கம் சீக்கிரமும் மறுபக்கம் தாமதமுமாகக் காய்ந்தால் பொம்மை கோணும், கழுத்தில் விரிசல் விடும். சூளைக்குப் போன பிறகு அந்த விரிசலை மூட வழியே கிடையாது.

அப்படியொரு முற்றத்தின் மேற்கு எல்லையில், அடுத்த வீட்டுக்காரர் வைத்த கொடுக்காப்புளி வேலி கூரைக்கு மேல் வளர்ந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிற்பகல் வெயில் போயிற்று. முட்கிளை பலகைமேல் தொங்குகிறது. சருகு ஈரப் பொம்மையில் ஒட்டி, எடுத்தால் தழும்பு விழுகிறது. இந்தக் கிளையை யார் கழிப்பது?

வைத்தவர் கழிக்கட்டும் என்பார் ஒருவர். தொந்தரவு யாருக்கோ அவரே கழித்துக்கொள்ளட்டும் என்பார் இன்னொருவர். இந்த உரை முதலாமவர் பக்கம் நிற்கிறது. வேலி வைத்தவருக்கே அதைக் கழிக்கும் கடமை. நம் சட்டமோ பல இடங்களில் அந்தக் கடமையை உரக்கச் சொல்லாமல், தவிப்பவர் கையில் அரிவாளைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

சுவர் கட்டினால் ஒருமுறை செலவு. உயிர்வேலி வைத்தால் ஆண்டுதோறும் வேலை. கிளுவை, கள்ளி, நொச்சி, ஆடாதோடை, கொடுக்காப்புளி, அரளி என்று எதை வைத்தாலும் மழை முடிந்ததும் அது இரண்டு பக்கமும் கைநீட்டும். காங்கேயம் பக்கத்துக் கொறங்காடுகளைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். அங்கே மேய்ச்சல் காட்டைச் சுற்றிக் கிளுவை வேலி. காங்கேயம் மாடு உள்ளே சுதந்திரமாக மேய்வதற்கு அந்த வேலி இடைவெளி விடாமல் நிற்க வேண்டும். அதற்குக் காட்டுக்காரர் கிளையைக் கழித்து, கழித்த போத்தையே இடைவெளியில் ஊன்றி, வேலியை விடாமல் பேணியாக வேண்டும்.

வேலியைப் பேணுவது எவ்வளவு பெரிய வேலை என்பதை ஆங்கிலேய ஆட்சியே ஒருமுறை அனுபவித்தது. உப்பு வரியைத் தப்ப விடாமல் பிடிப்பதற்காகச் சிந்து ஆற்றிலிருந்து மகாநதிப் பக்கம் வரை ஏறத்தாழ 2,300 மைல் நீளத்துக்கு ஒரு சுங்க எல்லை போட்டார்கள். அதன் பெரும்பகுதியில் வேலி: கருவேலம், இலந்தை, களா, சப்பாத்தி, கள்ளி. உயிர்ச்செடி பிடிக்காத இடத்தில் காய்ந்த முள் அடைப்பு. காவலுக்கும் பராமரிப்புக்கும் ஏறத்தாழ 12,000 பேர். கறையானும் காட்டுத்தீயும் புயலும் ஒவ்வோர் ஆண்டும் வேலியைத் தின்றன. பின்னாளில் காங்கிரஸைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரான ஏ. ஓ. ஹியூம் சில காலம் இந்தச் சுங்கத்துறையின் ஆணையராக இருந்து அந்த வேலியோடு மல்லுக்கட்டினார். 1879இல் எல்லையையே கைவிட்டார்கள். ஒரு பேரரசே திணறிய வேலையை, வேலியை வைக்காத அண்டை வீட்டுக்காரர் தலையில் கட்டுவது எந்த வகையில் நியாயம்?

இனி சட்டம். முதலில் கேட்க வேண்டிய கேள்வி, வேலி யாருடைய மண்ணில் வேரூன்றி நிற்கிறது என்பது. பாதிச் சண்டை இதற்கு விடை தெரியாமல்தான் நடக்கிறது. தாத்தா காலத்தில் வரப்போரம் ஊன்றிய போத்து இப்போது தொடை பருமன். எல்லைக்கல் எங்கோ மண்ணுக்குள். தமிழ்நாட்டில் 1923ஆம் ஆண்டின் நில அளவை மற்றும் எல்லைகள் சட்டம் இருக்கிறது; ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் புலப்படம் இருக்கிறது. கட்டணம் கட்டி அளக்க மனு கொடுத்தால் சர்வேயர் வந்து சங்கிலியோ கருவியோ கொண்டு அளந்து கல் காட்டுவார். அந்தச் செலவுக்கு அஞ்சி, அதைவிடப் பல மடங்கு வக்கீல் வீட்டில் கொட்டியவர்கள் ஊருக்கு ஊர் உண்டு.

அளந்து பார்த்தபின் மூன்று நிலைதான். மரம் உங்கள் பக்கம் என்றால் உங்களுடையது. அவர் பக்கம் என்றால் அவருடையது. அடிமரம் கோட்டின்மேலேயே நின்றால் இருவருக்கும் பொது. ஒருவர் மட்டும் முடிவு செய்து அடியோடு சாய்க்க முடியாது. எல்லைப் பனைக்கு இன்னொரு காப்பும் உண்டு. 2021ஆம் ஆண்டின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது.

மரம் அவருடையது, கிளை உங்கள் முற்றத்தில். இந்த நிலைக்கு இன்றும் எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு இங்கிலாந்தில் 1890களில் வந்தது. லெம்மன் எதிர் வெப் என்பது வழக்கின் பெயர். பழைய பெரிய மரங்கள். கிளைகள் பல ஆண்டுகளாக அடுத்தவர் நிலத்தின்மேல் நீண்டிருந்தன. அடுத்தவர் முன்கூட்டிச் சொல்லாமலேயே, தன் நிலத்தில் நின்றபடி, எல்லைக் கோடு வரை வெட்டிவிட்டார். இத்தனை ஆண்டு இருந்த கிளையை வெட்டலாமா என்று மரக்காரர் வழக்குப் போட்டார். வெட்டலாம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. பின்னர் பிரபுக்கள் சபையும் அதை உறுதிசெய்தது. கிளை எத்தனை ஆண்டு தொங்கினாலும் தொங்குவதற்கு உரிமை பிறக்காது. ஏறத்தாழ அதே காலத்தில் பம்பாய் உயர் நீதிமன்றமும் இந்தக் கருத்தையே எடுத்தது. கிளை ஆண்டுக்கு ஆண்டு நீளும் பொருள். இன்றைக்கு இருக்கும் நீளம் இருபது ஆண்டுக்கு முன் இருந்த நீளம் கிடையாது. அதனால் நீண்டகால அனுபவத்தால் வரும் உரிமை அதற்குப் பொருந்தவில்லை.

கிளையை வெட்டும் உரிமைக்கு வரம்புகள் உண்டு, அவற்றைத் தெரியாமல் அரிவாள் எடுப்பதால்தான் காவல் நிலையம் வரை போகிறது. கோடு வரைதான் வெட்டலாம். ஒரு முழம் உள்ளே போனால் அது சேதம் விளைவித்த குற்றம். அவர் நிலத்துக்குள் அனுமதியில்லாமல் கால் வைக்கக் கூடாது. வேரில் அமிலம் ஊற்றுவது, ஆணி அடிப்பது போன்ற வேலைகளுக்கு எந்தச் சட்டத்திலும் இடம் கிடையாது. வெட்டிய கிளையும் அதன் காயும் மரக்காரருக்கே சொந்தம். 1919இல் இங்கிலாந்தில் ஒருவர் தன் பக்கம் நீண்ட ஆப்பிள் கிளையிலிருந்து பழத்தைப் பறித்து விற்றார். அந்த விலையை மரக்காரருக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. முந்திரித் தோப்பும் பலாத் தோப்பும் நிறைந்த கடலூர் மாவட்டத்தில் இது நினைவில் வைக்க வேண்டிய செய்தி. விருத்தாசலத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட வி.ஆர்.ஐ. முந்திரி ரகங்கள் இந்த வட்டாரத் தோப்புகளில் நிற்கின்றன. முந்திரி தாழ்வாக, அகலமாகப் படரும் மரம். உங்கள் வேலிக்கு மேல் பழுத்துத் தொங்கும் கொட்டை உங்களுடையது ஆகிவிடாது.

அரளி வேலியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். பூ அழகு, தண்ணீர் கேட்காது, ஆடு கடிக்காது என்று எண்ணி வீட்டைச் சுற்றி வைக்கிறார்கள். அரளியின் இலை, பட்டை, பூ எல்லாமே நஞ்சு. பச்சையாக இருந்தால் ஆடு பெரும்பாலும் விலகிப் போகும். கழித்துப் போட்ட இலை வாடிக் கிடந்தால் மற்றத் தழையோடு சேர்த்துத் தின்றுவிடும். ஆடு செத்தால் பொறுப்பு யாருக்கு?

இதற்கு இரண்டு பழைய தீர்ப்புகள் வழிகாட்டுகின்றன. இரண்டிலும் செத்தது குதிரை, கொன்றது யூ என்ற நச்சு மரம். 1878ஆம் ஆண்டு வழக்கில் இடுகாட்டு நிர்வாகம் வைத்த யூ மரத்தின் கிளை வேலியைத் தாண்டி அடுத்த மேய்ச்சல் நிலத்துக்குள் நீண்டிருந்தது. குதிரை தன் நிலத்தில் நின்றபடியே தின்று செத்தது. நிர்வாகம் நட்டஈடு கொடுத்தது. 1894ஆம் ஆண்டு வழக்கில் யூ மரம் முழுவதும் மரக்காரரின் எல்லைக்குள்ளேயே இருந்தது. குதிரைதான் கழுத்தை நீட்டி எல்லை தாண்டித் தின்றது. மரக்காரர் பொறுப்பில்லை என்றானது. குதிரைக்குப் பதில் வெள்ளாடு, யூவுக்குப் பதில் அரளி. எல்லைக்கு உள்ளே கழித்து வைத்தால் தப்பலாம். தாண்டவிட்டால் ஆட்டுக்காரருக்கு விலை கொடுக்கத் தயாராக இருக்க வேண்டும். கழித்த அரளித் தழையை அடுத்தவர் பக்கம் வீசுவது இதைவிட மோசம். அரளியை எரிக்கும் புகைகூட ஆகாது. குழி வெட்டிப் புதைப்பதே பாதுகாப்பு.

இதுவரை சொன்னது தாண்டிய கிளையைப் பற்றி. பொம்மைக்காரரின் முற்றத்துக்கு வந்த தொல்லையில் பெரும்பங்கு கிளையால் வரவில்லை, உயரத்தால் வந்தது. அடுத்த வீட்டுக்காரர் எல்லைக்குள்ளேயே ஒழுங்காக நிறுத்தி, இருபதடிக்கு வளர்த்துவிட்டார் என்றால் என்ன செய்வது?

இங்கேதான் நம் சட்டம் கைவிரிக்கிறது. 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் தொடக்கத்திலேயே சென்னை மாகாணத்துக்குப் பொருந்திய சட்டம். கட்டடத்தின் சன்னலுக்கு இருபது ஆண்டுகள் தடையின்றி வெளிச்சமும் காற்றும் வந்திருந்தால் அதை உரிமையாகக் கோரலாம் என்கிறது அதன் 15ஆம் பிரிவு. பின்னால் வரும் 17ஆம் பிரிவு, திறந்த வெளிக்கு வரும் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் இப்படி உரிமை பெறவே முடியாது என்று தெளிவாகச் சொல்லிவிடுகிறது. வீட்டுக்குள் உட்கார்ந்து படிப்பவருக்குப் பாதுகாப்பு. முற்றத்தில் உழைப்பவருக்கு இல்லை. நெல் காயவைப்பவர், வற்றல் போடுபவர், மண்பானை உலர்த்துபவர், பீங்கான் பொம்மை அடுக்குபவர் எல்லோரும் 15ஆம் பிரிவின் பாதுகாப்புக்கு வெளியே நிற்கிறார்கள். வெயிலை வைத்துப் பிழைக்கும் ஊர்களுக்கு இது பெரிய குறை.

இங்கிலாந்திலும் இதே குறை இருந்தது. லேலண்டி என்ற ஊசியிலை மரத்தை வீட்டைச் சுற்றி வைத்தவர்கள் அதை வானளாவ வளரவிட்டதில் அண்டை வீட்டாருக்குள் பகை மூண்டது. 2003ஆம் ஆண்டின் சமூகவிரோத நடத்தைச் சட்டத்தில் உயர்ந்த வேலிகளுக்கென்றே ஒரு பகுதி சேர்த்தார்கள். 2005இல் அது நடைமுறைக்கு வந்தது. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பசுமைமாறா மரங்கள் வரிசையாக நின்று, இரண்டு மீட்டருக்கு மேல் வளர்ந்து வெளிச்சத்தை மறைத்தால் உள்ளூர் மன்றத்திடம் புகார் செய்யலாம். முதலில் பேசித் தீர்க்க முயன்றிருக்க வேண்டும். அதன்பின் மன்றம் இரு பக்கத்தையும் பார்த்து, இவ்வளவு உயரத்துக்குக் குறை, இத்தனை நாளுக்குள் குறை, பிறகும் இந்த உயரத்தைத் தாண்டவிடாதே என்று வேலிக்காரருக்கே உத்தரவு போடும். கவனியுங்கள், கழிக்கும் வேலையும் செலவும் அங்கே வேலிக்காரருடையது. தொல்லைப்படுபவர் ஏணி தேட வேண்டியதில்லை.

நம் நாட்டிலும் இந்தக் கொள்கை ஒருமுறை தலைகாட்டியது. சீமைக்கருவேல மரத்தின் கதை அது. 1870களில் சென்னை மாகாணத்து வனத்துறை அதிகாரி பெடோம் கேட்டு வரவழைத்த விதை 1877இல் கடப்பைப் பக்கம் கமலாபுரத்தில் ஊன்றப்பட்டது. விறகுக்கும் வேலிக்கும் உதவும் என்று பின்னாளில் தெற்கு மாவட்டங்களில் பரப்பினார்கள். மாடு காயைத் தின்று சாணத்தில் விதையைப் போட, கண்மாயும் தரிசும் வரப்பும் அதன் காடாயின. ஒருவர் பட்டாவில் வளர்ந்தால் அடுத்தவர் நிலத்துக்கு விதை இலவசம். அரசியல் தலைவர் வைகோ உள்ளிட்டோர் தொடுத்த வழக்குகளில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017இல் கடுமையான உத்தரவுகளைப் பிறப்பித்தது. அரசு நிலத்தில் உள்ளதை அரசும், தனியார் நிலத்தில் உள்ளதை நிலக்காரரும் அகற்ற வேண்டும். நிலக்காரர் குறித்த கெடுவில் செய்யாவிட்டால் அரசே அகற்றிச் செலவை அவரிடம் வசூலிக்க வேண்டும். சுற்றுச்சூழல் விளைவை ஆராயாமல் வெட்டக் கூடாது என்று சென்னையில் வேறொரு வழக்கு வந்து, இடையில் தடையும் வந்தது, பிறகு நீங்கியது. 2022இல் தமிழ்நாடு அரசு ஊடுருவும் அந்நியத் தாவரங்களுக்கென்று ஒரு கொள்கையை வெளியிட்டது. மரம் மண்ணுக்கு எவ்வளவு கெடுதல் என்பதில் அறிவியலாளர்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கட்டும். உன் நிலத்தில் வளர்ந்து அடுத்தவரைக் கெடுப்பதை நீதான் அகற்ற வேண்டும் என்ற அந்த உத்தரவின் அடிப்படை சரியானது.

இதற்கு முன்பும் வேலிச்செடி ஒன்று ஊர்ப் பகையானதுண்டு. சப்பாத்திக்கள்ளி. 1760இல் ஆங்கிலேயத் தளபதி ஐர் கூட் புதுச்சேரியை முற்றுகையிட்டபோது, நகரைச் சுற்றிக் கள்ளியும் கற்றாழையும் அடர்ந்த எல்லைவேலியைத்தான் முதலில் பிடிக்க வேண்டியிருந்தது. கோட்டைக்குக் காவலாக நின்ற அந்தச் செடி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னிந்தியாவின் தரிசுகளை விழுங்கிக்கொண்டிருந்தது. 1926இல் இலங்கை வழியாக ஒரு செதில்பூச்சியைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அடங்கியது. கழிக்க ஆளில்லாத வேலி என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

விழப்போகும் மரம் வேறு வகை. 2011 டிசம்பர் 30ஆம் நாள் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தபோது இந்த மாவட்டத்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்ததை இங்கே பலரும் கண்ணால் கண்டிருப்பார்கள். நல்ல மரம் புயலில் விழுந்தால் அது இயற்கையின் செயல், யாரையும் குறை சொல்ல முடியாது. உளுத்த மரம், சாய்ந்த மரம், அண்டை வீட்டார் பலமுறை எச்சரித்த மரம் விழுந்தால் உரிமையாளர் அப்படிக் கைகழுவ முடியாது. இதற்கு நீதிமன்றப் படியேறி ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியதுமில்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவு இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 152ஆம் பிரிவாக இருக்கிறது. அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர் மீதோ வழிப்போக்கர் மீதோ விழுந்துவிடும் நிலையில் மரம் இருந்தால், அதை அகற்றவோ முட்டுக் கொடுக்கவோ உரிமையாளருக்கு நிர்வாக நடுவர் உத்தரவிடலாம். விருத்தாசலத்தில் கோட்ட அலுவலகமே இருக்கிறது. மனுவோடு மரத்தின் புகைப்படத்தையும் வைத்துக் கொடுங்கள்.

தெருப் பக்கம் நீளும் வேலிக்கு நூறாண்டுக்கு முன்பே வழி வைத்திருந்தார்கள். 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டத்தில், தெருவை ஒட்டிய வேலியையும் மரத்தையும் கத்தரிக்கச் சொல்லி உரிமையாளருக்கு நோட்டீஸ் கொடுக்கும் அதிகாரம் நகராட்சிக்கு இருந்தது. தெருவில் போகிறவர் கண்ணில் முள் குத்தக் கூடாது என்று கவலைப்பட்ட சட்டம், அடுத்த வீட்டு முற்றத்தில் வேலை செய்பவர் கண்ணைப் பற்றி யோசிக்கவில்லை.

வெட்ட முடிந்தவர்களுக்கு லெம்மன் வழக்கு போதும். வெட்ட முடியாதவர்கள்? தனியாக வாழும் மூதாட்டி எந்தத் துரட்டியைப் பிடித்து முட்கிளையை இழுப்பார்? ஆள் வைத்தால் ஒருநாள் கூலி அவருடையது, வெட்டிய விறகு மரக்காரருடையது என்பது கேட்கவே சரியாயில்லை. தாண்டிய கிளையால் பொருள் சேதமானால் நட்டஈடு கேட்கலாம், கழிக்கச் சொல்லி உறுத்துக் கட்டளை கேட்டு உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம் என்பது உண்மை. ஒரு வேலிக்காகப் பத்து வாய்தா அலைய யாரால் முடியும்?

அதனால் சட்டம் மாறும் வரை செய்யக்கூடியதைச் சொல்லிவிட வேண்டும். முதலில் வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள். அண்ணே, இந்த மழைக்கு முன்னால் வேலியைக் கழித்துவிடுங்கள் என்று கேட்பதில் கௌரவம் குறையாது. கேட்கவில்லையென்றால் எந்தக் கிளை, எந்தத் தேதி, என்ன சேதம் என்று ஒரு கடிதம், சேர்ந்ததற்கான சான்றுடன் அஞ்சலில். பின்னால் எங்கே போனாலும் அந்தச் சான்று பேசும். அடுத்து, வட்டச் சட்டப் பணிகள் குழு. 1987ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த இந்தக் குழுவிடம் வழக்குப் போடும் முன்பே மனு கொடுத்து லோக் அதாலத்தில் பேசலாம். நீதிமன்றக் கட்டணம் கிடையாது. இருவரும் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது. எந்த மாதத்தில் கழிப்பது, எவ்வளவு உயரம், கழித்த முள்ளை யார் அள்ளுவது என்பதைக்கூட அதில் எழுதிக்கொள்ளலாம். எழுதிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு அடுத்த மழையோடு போய்விடும்.

சட்டம் மாற வேண்டிய இடம் சென்னையில் இருக்கிறது. கேட்க வேண்டிய குரல் இந்த ஊரிலிருந்து போகலாம். செராமிக் தொழிற்பேட்டையும் பீங்கான் தொழில்நுட்பக் கல்லூரியும் உள்ள விருத்தாசலத்துக்கு, முற்றத்து வெயிலின் மதிப்பு வேறு எந்த ஊரையும்விட நன்றாகத் தெரியும். அண்டை வீட்டின் உயிர்வேலி இத்தனை அடிக்கு மேல் போகக் கூடாது, போனால் உள்ளாட்சி நோட்டீஸ் கொடுக்கும், செலவு வேலிக்காரருக்கு என்று ஒரு விதி வேண்டும். பறவை கூடு கட்டும் காலத்தில் கழிக்கக் கூடாது என்ற விலக்கும் அதில் இருக்கட்டும். வார்டு உறுப்பினரிடம் கேளுங்கள், நகர்மன்றத்தில் தீர்மானம் நிறைவேற்றி அரசுக்கு அனுப்பச் சொல்லுங்கள். அதுவரை, உங்கள் வீட்டு வேலியை இந்த வாரமே அடுத்த வீட்டுப் பக்கம் நின்று ஒருமுறை பாருங்கள். தாண்டியிருந்தால் அவர் கேட்கும் முன்னே கழித்துவிடுங்கள்.